தெளிந்த சீரம்

செங்கமலம் கரும்பலகையில் ‘கொழுப்பு’ என்று எழுதினாள். எழுதிய சொல்லுக்குக் கீழே கோடு போடுவது அவள் வழக்கம். இன்று கோடு போட மறந்து, சாக்பீஸைப் பிடித்தபடியே நின்றாள். முதுகுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பிள்ளைகள், லேப் டெக்னீஷியன் படிப்பு, இரண்டாம் ஆண்டு. கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் நடக்கும் கல்லூரி. மணி பத்து ஐந்து. கீழே லேபில் இந்நேரம் செபஸ்தியான் குழாய்களை மெஷினில் அடுக்க ஆரம்பித்திருப்பார், ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணித்தான் அடுக்குவார், முப்பத்தொன்றாவது குழாய் வரும்போதும் முப்பத்தொன்று என்பார், அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அகிலன், ஏழு வயது, ஆண். விடியற்காலை சமையலறை வெளிச்சத்தில் அவளே குத்தி எடுத்த ரத்தம் அது, அவள் பெற்ற பிள்ளையின் ரத்தம். பட்டு என்ற செல்லப் பெயரைச் சொன்னால் இந்தக் கட்டடத்தில் வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும், ஆண்டு விழாவில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பயல். அகிலன் என்றால் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் பள்ளிக்கூடப் பெயரையே எழுதி, வெளிநோயாளிகளின் குழாய்களோடு குழாயாகச் செருகிவிட்டு மாடியேறி வந்துவிட்டாள். பொய் ஒன்றும் எழுதவில்லை. இங்கே வேலை பார்க்கிறவர் வீட்டு ரத்தம் லேபுக்குள் போனால் ரிப்போர்ட் வீட்டுக்கு வருமுன் கேண்டீனுக்குப் போய்விடும், டைபாய்டா, சர்க்கரையா என்று வடையோடு சேர்த்து விசாரிப்பார்கள், அதை நினைத்துத்தான் செய்தாள், ஆனால் அது முழு உண்மை இல்லை, முழு உண்மை என்னவென்றால் அந்த எண்ணைப் பார்த்து அவளுக்கு முன்னால் வேறு யாரும் ஐயோ என்று சொல்லிவிடக்கூடாது. கொலஸ்ட்ரால் இருநூறுக்குள் இருந்தால் பிள்ளையின் முழங்கையில் இருப்பது வெறும் மரு. ஐந்நூறைத் தாண்டினால் அது மரு இல்லை, பிறக்கும்போதே ரத்தத்தில் கொழுப்பு தேங்குகிற வியாதி, அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது, இரண்டும் ஒரே பிள்ளையில் வந்து சேர்ந்தது, வைத்தியம் பார்க்காமல் விட்டால் இருபது வயதைக் காண்பதே அரிது. மெஷின் ஓடி முடிய அரைமணி நேரம். “மேடம், நோட்ஸ் எடுக்கணுமா, கவனிச்சா போதுமா?” என்று முதல் பெஞ்சிலிருந்து நஸ்ரின் கேட்டாள். “கவனிங்க, போதும்,” என்று செங்கமலம் திரும்பினாள்.

கொழுப்புன்னா என்ன என்று கேட்டாள். வருஷா வருஷம் கேட்கிற கேள்வி, வருஷா வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து வருகிற பதிலும் அதேதான். “இவனுக்கு இருக்கே மேடம், அது!” என்று எவனோ எவனையோ காட்டினான், வகுப்பு சிரித்தது, பதினோரு வருஷப் பழக்கத்தில் அவள் வாயும் தானாகச் சிரித்தது. தண்ணீரோடு சேராதது, அதுதான் கொழுப்பு. ஒரு நீண்ட வால், கரியும் ஹைட்ரஜனும் கைகோத்து நிற்கிற வால், அதன் நுனியில் ஒரு தலை; தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. வால் நேராக இருந்தால் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும், சீக்கிரம் உறையும். நடுவில் வளைந்திருந்தால் நெருங்க முடியாது, உறையாது. “மார்கழி மாசம் தேங்காயெண்ணெய் பாட்டில்லயே கட்டிக்குது, நல்லெண்ணெய் கட்டிக்கல. ஏன்?” வால் வளைஞ்சிருக்கு மேடம் என்று நாலைந்து குரல்கள். நல்லெண்ணெய் என்று சொன்ன மாத்திரத்தில் உள்ளங்கை வழுக்கியது. போன சனிக்கிழமை. கொல்லையில் மணையைப் போட்டு பட்டுவை உட்காரவைத்து உச்சியில் எண்ணெய் வைத்தாள், காது மடல், கழுத்து, முதுகு, தொடை, கெண்டைக்கால் என்று தேய்த்துக்கொண்டே வந்தாள், அவன் ஏதோ கிரிக்கெட் கதை சொல்லிக்கொண்டிருந்தான், கை குதிகாலுக்கு மேலே வந்து நின்றது. எத்தனையோ தடவை சோப்புப் போட்ட கால்தான். எண்ணெய்க் கை மட்டும்தான் உண்மையைச் சொல்லும் போலிருக்கிறது. குதிகால் தசைநார் அவள் கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தது, இறுகிப் போய், உள்ளுக்குள் முடிச்சு முடிச்சாக. மற்ற காலையும் பிடித்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே. “கிச்சுகிச்சு மூட்டாதம்மா,” என்று பிள்ளை காலை உதறினான். அவள் விடவில்லை. இந்தக் காலை அவளுக்குத் தெரியும். இதே பாடத்தில் பன்னிரண்டாவது ஸ்லைடு, எந்த ஊர்க்காரனோ, முகமில்லாத ஒரு கால், குதிகால் தசைநாரில் கொலஸ்ட்ரால் படிந்து தடித்திருக்கிறது பாருங்கள் என்று பதினோரு வருஷமாகக் குச்சியால் தொட்டுக் காட்டுகிற கால். அன்றைக்கு வெந்நீர் ஆறிப் போயிற்று, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று உள்ளேயிருந்து அத்தை சத்தம் போட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா, அவளே மாமியாரும். மூன்று வயதில் பட்டுவின் முழங்கையில் துவரம்பருப்பு அளவில் மஞ்சளாக ஒன்று கிளம்பியபோது அத்தைதான் முதலில் பார்த்தாள். மருதான், வேறென்ன, கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டால் உதிர்ந்துவிடும் என்றாள். போட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் படித்துறையில் இறங்கி, பிள்ளையின் கைக்குள் உப்பையும் மிளகையும் வைத்து முழங்கையைச் சுற்றித் தண்ணீரில் விட்டார்கள், பொரியென்று நினைத்து மீன்கள் வந்து ஏமாந்து போயின, பட்டு கைகொட்டிச் சிரித்தான். அடுத்த வருஷம் பருப்பு கொண்டைக்கடலையாயிற்று. முழங்காலிலும் வந்தது, விரல் இடுக்கிலும் வந்தது. மறுபடி உப்பு, மறுபடி மிளகு. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஆளிடம் கேட்டு வாலிலிருந்து ஒரு முடி வாங்கி வந்து மருவைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள் அத்தை, ரத்தம் கசிந்தது, பிள்ளை அலறினான், அவன் கையைப் பிடித்துக்கொண்டது யார், செங்கமலம்தான். பிடித்துக்கொண்டிருந்தபோது மனதில் ஏதோ ஒன்று தலையை நீட்டியது, மஞ்சளாக இருக்கிறதே, மரு மஞ்சளாக இருக்காதே என்று. அவள் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்தாள். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள், இவளோ வாத்தியாரும் ஆகி வைத்தியத்தில் காலும் அரையும் தெரிந்தவளும் ஆகி, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே தூங்கினாள். அத்தையைக் குற்றம் சொல்லி என்ன, அத்தை ஸ்லைடு பார்த்தவளா? செங்கமலம் உப்புப் போட்டது நம்பியதால் அல்ல, அதுதான் கொடுமை. மரு என்று இருந்துவிட்டால் உப்போடு போய்விடும் அல்லவா, அந்த நிம்மதிக்காகப் போட்டாள். நாலு வருஷம். இரண்டு வயதிலிருந்தே மருந்து ஆரம்பிக்கலாம் என்று அவளே நோட்ஸ் கொடுத்திருக்கிறாள். “மேடம்?” என்றாள் நஸ்ரின். “ம்,” என்று செங்கமலம் பலகையில் ஒரு வட்டம் போட்டாள். போட்ட பிறகுதான் அது செல்லா, கண்ணா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

செல்தான். செல்லின் சுவரே கொழுப்பு என்றாள், குரல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வரிசை, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்க்க, வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்க, நடுநடுவே கொலஸ்ட்ரால் நிற்கிறது, அது இல்லாவிட்டால் சுவர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கொலஸ்ட்ரால்னா விஷம்னு நினைக்காதீங்க. உங்க பித்தநீர் அது, வெயில்ல நின்னா தோல் செய்யற வைட்டமின் டி அது, உங்களை ஆணாவும் பொண்ணாவும் ஆக்கற ஹார்மோன் எல்லாம் அதுலேர்ந்துதான், மூளையில தண்ணியக் கழிச்சுட்டா மிச்சத்துல பாதிக்கு மேல கொழுப்பு, நரம்பைச் சுத்தி உறை போட்டிருக்கறதும் அது. அதனாலதான் தாய்ப்பால்ல அவ்வளவு கொழுப்பு. தாய்ப்பால் என்றதும் மார்பில் பழைய ஒரு வலி சுரீரென்றது. இரண்டரை வயது வரை கொடுத்தாள், அத்தை போதும் போதும் என்றும் கேட்காமல், கொடுத்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது, அந்தச் சின்ன நெஞ்சுக்குள் எந்த ரத்தக் குழாயின் ஓரத்தில். இல்லை, அப்படி இல்லை, பாலால் வருவதில்லை இது, நெய்யால் வருவதில்லை, முட்டையால் வருவதில்லை, அவளுக்குத் தெரியும், தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. பாலுக்கு முன்னாலேயே கொடுத்தாகிவிட்டது. அப்பா முப்பத்தெட்டு வயதில் மன்னார்குடி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனார், கண்டக்டர் தூங்குகிறார் என்று நினைத்துத் தஞ்சாவூர் வரை எழுப்பவில்லை. சிகரெட், என்றார்கள். கவலை, என்றார்கள். கல்யாணப் போட்டோவில் அப்பாவின் கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும், ஸ்டூடியோ விளக்கு என்று அம்மா சொல்லுவாள், அதுவும் கொழுப்புதான். அத்தைக்கு ஐம்பத்திரண்டில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தாயிற்று. அக்கா தம்பி இருவர். தம்பி மகள் செங்கமலம், அக்கா மகன் தியாகராசன். உறவு விட்டுப் போகக்கூடாது என்று பெரியவர்கள் பேசியது உண்மைதான், ஆனால் கட்டிவைத்துவிட்டார்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். அத்தானைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பதினாறு வயதிலேயே சொன்னவள் அவள்தான். அப்பா செத்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு வாய்ச் சோறு பிசைந்து கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். நெருங்கின சொந்தத்தில் கட்டினால் பழுது பழுதோடு சேரும் என்பது கல்யாணத்தின்போதே அவளுக்குத் தெரியும், எம்.எஸ்ஸி. முதல் வருஷம், முத்துப் போல எழுதி மார்க் வாங்கிய பாடம். தெரிந்தது படிப்பில் இருந்தது, அத்தான் வீட்டில் இருந்தார். ஊரார் ரத்தமெல்லாம் பார்த்தவள், தன் ரத்தத்தையோ அவர் ரத்தத்தையோ ஒரு நாள் பார்த்ததில்லை.

மணி பத்து முப்பத்தைந்து. “தண்ணியோட சேராத சாமான், ரத்தமோ தண்ணி. அப்ப எப்படிப் போகும்?” புரதத்துல பொட்டலம் கட்டி அனுப்பும் மேடம் என்றான் ஒருவன். சரி. பொட்டலத்தின் பெயர் எல்டிஎல். கல்லீரலின் செல் சுவரில் அதற்கென்று கதவு இருக்கிறது, பொட்டலம் வந்து தட்டினால் கதவு பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கதவே இல்லையென்றால்? பொட்டலம் தெருவிலேயே கிடக்கும். உள்ளே இருக்கிற கல்லீரல் என்ன நினைக்கும், வீட்டில் ஒன்றுமே இல்லையே என்று நினைத்து இன்னும் இன்னும் செய்து வெளியே அனுப்பும். தெரு நிறைந்து கிடக்க வீடு பட்டினி. சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம்தான், இன்றைக்குப் பிள்ளையின் தட்டு கண்முன் வந்தது. பட்டு சாப்பிடவே மாட்டான், ஒரு இட்லிக்கு ஒன்பது பேச்சு. காலையில் வெறும் வயிற்றில் கையை நீட்டச் சொன்னபோதுகூட, ரத்தம் குடுத்தா பூரி குடுப்பியா என்றுதான் கேட்டான். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று அத்தானிடம் சொல்லியிருந்தாள். அவர் பிள்ளையைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், மோட்டார் காயில் கட்டுகிற கை, கரண்ட் அடித்தாலும் உதறிவிட்டு வேலை பார்க்கிற ஆள். எட்டரை மணிக்கு லேபுக்கு வந்து குழாயை அவளே சுழற்றி எடுத்தாள். சிவப்பு அடியில் படிய, மேலே தனியாக நின்ற சீரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தெளிவாக இருந்தது. புதுச் செக்கு எண்ணெய் போல, பொன்னாக, மறுபக்கத்து வேப்பமரத்தின் இலை தெரியுமளவு தெளிவு. பால் போலக் கலங்கியிருக்கும் என்று பயந்து வந்தவளுக்கு ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் குளிர்ந்தது, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, சும்மா மரு, சாயங்காலம் பூரி. அடுத்த நிமிஷம் தன்னையே ஏசிக்கொண்டாள். சீரத்தைக் கலக்குவது ட்ரைகிளிசரைடு என்கிற வேறு கொழுப்பு, அதன் பொட்டலம்தான் பெரிசு. எல்டிஎல் பொட்டலம் பொடிசு, ஆயிரம் இருந்தாலும் வெளிச்சத்தை மறைக்காது. முதல் வருஷப் பிள்ளைகள் பண்ணுகிற தப்பு, கலங்கினால் பயப்படுவதும் தெளிந்தால் சந்தோஷப்படுவதும், பரீட்சையில் இதற்குச் சிவப்பு மையில் சுழிக்கிறவள் அவள். ஆனாலும் இந்த இரண்டு மணி நேரமும் அந்தத் தெளிவைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள், இப்போதும் கையை விடவில்லை.

கதவில் தட்டும் ஓசை கேட்டது. செபஸ்தியான். ஐம்பத்தெட்டு வயது, அடுத்த மாதம் ஓய்வு, அபூர்வமாக ஏதாவது சாம்பிள் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு கையில் குழாய், ஒரு கையில் அச்சடித்த தாள்.

“மேடம், ரெண்டே நிமிஷம். பாடமும் இதானே இன்னிக்கு? ஆண்டவனே பாத்து அனுப்பின மாதிரி ஒரு சாம்பிள் மாட்டியிருக்கு. புள்ளைங்களா, எல்லாரும் முன்னால வாங்க.”

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துவிட்டார்கள். முப்பது பேருக்கு மேல் ரத்தம் இருக்கிறது அங்கே, வேறு யாருடையதாகவும் இருக்கலாம், இருக்கலாமே, யார் பிள்ளையாவது இருக்கட்டும் என்று அந்த நொடியில் வேண்டிக்கொண்டாள், அப்படி வேண்டிக்கொண்டதை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

செபஸ்தியான் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். “எப்படி இருக்கு? தெளிவா இருக்கா? இதைப் பாத்துட்டு நார்மல்னு எழுதிடுவீங்கள்ல? கொலஸ்ட்ரால் எவ்வளவு தெரியுமா? எழுநூத்திப் பன்னெண்டு! மெஷின் ரேஞ்சையே தாண்டிடுச்சு, தண்ணி கலந்து ரெண்டு தடவை ஓட்டினேன். முப்பத்தொன்னாம் நம்பர். ஏழு வயசுப் பய.”

“ஏழு வயசா!” என்று யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“அதான் சொல்றேன். இப்படிப் புள்ளைங்களுக்கு முட்டி, முழங்கையிலெல்லாம் மஞ்சளா கட்டி கட்டியா கிளம்பியிருக்கும், வெளியிலயே தெரியும். பெத்தவங்க என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்களோ.”

செங்கமலம் கையை நீட்டிக் குழாயை வாங்கிக்கொண்டாள். அவ்வளவு சின்னக் குழாய், கையில் கனமே இல்லை. சொல்லாமல் இருந்துவிடலாம். மணியடிக்கப் பதினைந்து நிமிஷம் இருக்கிறது, இதன் வைத்தியம் என்னவென்று பாடம் நடத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழலாம். நாலு வருஷம் அப்படித்தான் இருந்தாள், தெரிந்ததைத் தட்டி உட்காரவைத்துக்கொண்டு. இனி ஒரு நிமிஷமும் முடியாது.

“இந்தப் புள்ளைய உங்க எல்லாருக்கும் தெரியும்,” என்றாள். “பட்டு. எம்மவன்.”

செபஸ்தியானின் முகம் சுருங்கிப் போயிற்று. “ஐயோ மேடம்… பேரு வேறயா இருந்துச்சே… நான் வாய்க்கு வந்ததை…”

“நீங்க சரியாத்தான் கேட்டீங்க சார். பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நாலு வருஷமா உப்பும் மிளகும் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்.” குரல் உடையவில்லை, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “இதுக்கு மருந்து இருக்கு. ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின் இருக்கு. கஷ்டம்தான், ஆனா இருக்கு. நாளைக்கே சென்னைக்குப் போவேன். நீங்க எல்லாரும் போய் உக்காருங்க.”

நஸ்ரின் அழுதுகொண்டிருந்தாள். யாரும் உட்காரவில்லை. செங்கமலம் மேஜை மேல் இருந்த போனை எடுத்தாள். வெளியே போய்ப் பேசலாம் என்று தோன்றவில்லை. கடையில் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அத்தான் எடுத்தார்.

“சொல்லும்மா. ரத்தம் கம்மியா இருக்கா?”

ரத்தசோகை இல்லை, கொழுப்பு என்றாள். எண்ணைச் சொன்னாள். கையில் இருப்பது மரு இல்லை என்றாள். அப்பா பஸ்ஸில் போனதும் அத்தைக்கு நெஞ்சில் அடைத்ததும் எல்லாம் இதுதான் என்றாள். பெற்றவர்களிடமிருந்து வருவது, என்றாள். பதினோரு வருஷமாகப் பாடம் நடத்திய வாய், ஐந்தே வாக்கியத்தில் முடித்துவிட்டது. அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் நின்றது. நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. பயந்தது இதற்குத்தான், அவர் அத்தையைத் திட்டுவாரோ, அவளைத் திட்டுவாரோ, இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியாதா என்பாரோ. அதில் எது கேட்டாலும் தாங்கிக்கொள்வதென்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“அம்மாகிட்டேர்ந்து எனக்கு வந்து,” என்றார் அவர், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, “நான் புள்ளைக்குக் குடுத்துட்டேனா, செங்கமலம்?”

“நீங்க மட்டும் குடுத்து இது வராது அத்தான்,” என்றாள். “நாம ரெண்டு பேரும் குடுத்தது.”